மேகம் வந்தால் வேலை இல்லை

ஜெர்மனியின் பெர்ன்ட் பெஹர், ஹில்லா பெஹர் தம்பதி வெயிலில் படமெடுக்க மாட்டார்கள். 1959இல் ஸீகர்லாந்து வட்டாரத்தில் இருவரும் சேர்ந்து தொடங்கிய வேலை ரூர் பகுதி, பெல்ஜியம், வேல்ஸ், பென்சில்வேனியா என்று நாடு நாடாக நீண்டது. எங்கே போனாலும் எடுத்த பொருள்கள் மாறவில்லை: சுரங்க வாயின் இரும்புக் கோபுரம், ஊதுலை, தண்ணீர்த் தொட்டி, எரிவாயுக் கலன், சுண்ணாம்புக் காளவாய். வானம் முழுக்க வெளிறிய மேகம் மூடி, கட்டடத்தின் எந்த மூலையிலும் நிழல் விழாத நாளுக்காகக் காத்திருப்பார்கள். அப்படி ஒரு நாள் வாய்த்தால் பெரிய ஃபார்மட் கேமராவை உயரமான இடத்தில் ஏற்றி நிறுத்தி, நேருக்கு நேராக, கோடு எதுவும் சாயாமல் எடுப்பார்கள். படத்தில் ஆள் இருக்க மாட்டார். வானம் வெறும் வெள்ளையாக இருக்கும்.

இந்தப் பிடிவாதத்துக்கு வலுவான காரணம் இருந்தது. பெர்ன்ட் முதலில் தூரிகையும் பென்சிலும் பிடித்தவர். ஐம்பதுகளின் இறுதியில் தன் ஊர்ப்பக்கத்துச் சுரங்கம் ஒன்றை வரைந்துகொண்டிருந்தபோது, வரைந்து முடிப்பதற்குள் அதை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். இடிப்பவர்களின் வேகத்துக்குக் கேமராதான் ஈடுகொடுக்கும் என்று அதைக் கையில் எடுத்தார். ஹில்லா முறையாகப் புகைப்படம் பயின்றவர். அழியப்போகும் ஒரு கட்டட வகையின் ஒவ்வொரு உறுப்பினரையும் பதிந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இருவரின் எண்ணம். ஒரு தண்ணீர்த் தொட்டியை இந்த ஆண்டிலும் இன்னொன்றைப் பல ஆண்டுகள் கழித்து வேறு நாட்டிலும் எடுத்து ஒரே சட்டத்துக்குள் மாட்டினால், இரண்டின் மீதும் ஒரே ஒளி இருந்தாக வேண்டும். வெயில் நாளுக்கு நாள் மாறும், மணிக்கு மணி மாறும். மூடிய மேகம் மாறாது. ஒளியையே படத்திலிருந்து கழித்துவிட்டால் மிஞ்சுவது உருவம் மட்டும். ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து என்று கட்டம் கட்டி மாட்டிய அந்தப் படங்களின் முன்னால் நிற்கும்போது, யாரும் அழகுக்காகக் கட்டாத ஒரு பொருளில் இத்தனை வேறுபாடா என்று மனம் திகைக்கிறது. 1970இல் வந்த அவர்களுடைய முதல் நூலுக்குப் பெயர், தமிழில் சொன்னால், ‘அநாமதேயச் சிற்பங்கள்’. 1990இல் வெனிஸ் பினாலேவில் அவர்களுக்குத் தங்கச் சிங்கம் கிடைத்தது சிற்பத்துக்கான பரிசாகத்தான்.

நான் இந்தத் தம்பதியை ஆசான்களாகவே நினைக்கிறேன். தொழிற்சாலையை எடுக்கும்போது வானத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொண்டது அவர்களிடமிருந்து. ஆனால் அவர்களுடைய வெள்ளை வானத்தை நெடுநேரம் பார்த்தால் ஒரு சந்தேகம் எழுகிறது. அந்த வெண்மையில் மேகம் எவ்வளவு, புகை எவ்வளவு? 1961இல் மேற்கு ஜெர்மனியின் தேர்தல் பிரச்சாரத்தில் சான்சலர் வேட்பாளர் வில்லி பிராண்ட், ரூர் பகுதியின் வானம் மறுபடி நீலமாக வேண்டும் என்று கேட்டார். அங்கே வெளியில் காயப்போட்ட துணி கரி படிந்து திரும்பிய காலம் அது. தொழில் நிலத்தில் இயற்கை ஒளி என்று நாம் சொல்வது அந்தத் தொழிலே வடிகட்டித் தந்த ஒளி. புகைக்கூண்டு உமிழும் தூசும் காற்றில் மிதக்கும் சாம்பலும் லென்ஸுக்கு முன்னாலேயே நிற்கின்றன. விடியலில் அனல்மின் நிலையத்துக்குப் பின்னால் வானம் செக்கச்செவேல் என்று பழுப்பதில் அந்தத் தூசுக்கும் பங்குண்டு. காலண்டரில் அந்த நிறத்தைப் பார்த்து மயங்குகிறோம். அதைத்தான் பக்கத்துக் குடியிருப்பு நெஞ்சுக்குள் இழுக்கிறது.

ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் எழுப்பிய கேள்வியும் இங்கே வருகிறது. க்ருப் ஆலையின் புகைப்படம் ஒன்று அந்த நிறுவனத்தைப்பற்றி அநேகமாக எதையும் சொல்லாது என்பது அவர் வாதம். வால்டர் பெஞ்சமின் 1931இல் புகைப்படத்தைப்பற்றி எழுதிய கட்டுரையில் இதை எடுத்தாண்டிருக்கிறார். சுவரும் கூரையும் படத்தில் விழும். கூலியும் நேரமும் அதிகாரமும் விழாது. பெஹர் தம்பதியின் நிழலற்ற ஒளி இந்தக் குறையை ஆழமாக்குகிறது என்று சொல்பவர்கள் உண்டு. நிழல் போனால் மணி போய்விடுகிறது. மணி போனால் வேலைநேரமும் போய்விடுகிறது. பகல் ஷிப்ட்டா மாலை ஷிப்ட்டா என்று அந்தப் படங்களைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

எதிர்முனையில் அமெரிக்கப் புகைப்படக்காரர் மார்கரெட் போர்க்-வைட். 1927-28 வாக்கில் கிளீவ்லாந்தின் ஓடிஸ் எஃகு ஆலைக்குள் நுழைந்தவர் அவர். உருகிய எஃகு கண்ணைக் கூசவைக்கும் அளவுக்கு ஒளிர்ந்தாலும் அன்றைய ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. எடுத்த படமெல்லாம் இருட்டு. கடைசியில் மெக்னீசியத் தீவட்டிகளைக் கொளுத்திப் பிடித்துத்தான் எடுத்தார். எஃகு ஆலையில் ஒளி என்பது வேலையின் உபவிளைவு. ஒளியே வேலையைச் செய்யும் தொழில் ஒன்று நம்மிடம் இருக்கிறது.

தூத்துக்குடி உப்பளங்களைச் சொல்கிறேன். தருவைக்குளம், வேப்பலோடை, முள்ளக்காடு, தெற்கே ஆறுமுகநேரி என்று கடலை ஒட்டிப் பரந்து கிடக்கும் பாத்திகள். நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு இருப்பது பெரும்பாலும் இந்தக் கரையால்தான். இந்த உப்பு சமையலறைக்கு மட்டும் போவதில்லை. காஸ்டிக் சோடா ஆலைக்கும், தோல் பதனிடுவதற்கும், மீன் பாடத்துக்கும் போகிறது. வயல்போல் தெரிவதால் பலர் இதை விவசாயத்தின் பக்கம் சேர்த்துவிடுகிறார்கள். ஆற்றுப் படுகையின் பச்சைக்கும் இதற்கும் உறவில்லை. இது கூரை இல்லாத ரசாயன ஆலை.

அந்த ஆலை ஓடும் விதம் எளிமையானது. கடல்நீரோ, அதைவிட அடர்த்தியான நிலத்தடி உப்புநீரோ முதலில் தெப்பத்தில் தேங்கும். கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் மூன்று, மூன்றரை டிகிரி. வெயிலும் காற்றும் நீரைக் குடிக்கக் குடிக்க டிகிரி ஏறும். ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததற்கு மாற்றிக்கொண்டே வருவார்கள். வழியில் ஜிப்சம் படிந்து நின்றுவிடும். ஏறத்தாழ 25 டிகிரியில் பாத்திக்கு வந்து சேர்ந்த நீரில் உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30 டிகிரிக்கு மேல் போனால் மெக்னீசியம் மிகுந்து உப்பு கசக்கும் என்பதால் மிச்ச நீரை வெளியே விட்டுவிடுவார்கள். தையில் மிதித்துக் கெட்டித்த பாத்தியில், சித்திரை வைகாசியின் வெயிலும் ஆனி ஆடியின் மேல்காற்றும் சேர்ந்து வேலை செய்யும். கொதிகலன் கிடையாது. கரி எரிவது கிடையாது. எரிபொருள் தலைக்கு மேல் இருக்கிறது. புகைப்படக்காரன் தன் எக்ஸ்போஷருக்காக அளக்கும் அதே ஒளியால்தான் அங்கே நீர் ஆவியாகிறது.

இந்த இடத்தில் பெஹர் தம்பதியின் விதி தலைகீழாகிவிடுகிறது. அவர்களுக்குத் தேவைப்பட்ட மூடிய வானம் தூத்துக்குடிக்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருகிறது. வடகிழக்குப் பருவமழை. நிழல் விழாத, வெள்ளி பூசியதுபோன்ற, எந்த உருவத்தையும் துல்லியமாகக் காட்டும் ஒளி. அப்போது உப்பளத்தில் உப்பு இருக்காது. பாத்தி முழுக்க மழைநீர் நிற்கும். உப்பு வாரும் பலகைகள் ஓரமாகச் சாய்ந்திருக்கும். சென்ற பருவத்தின் அம்பாரங்கள் கீற்றோ தார்ப்பாயோ போர்த்திக் கிடக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை அளத் தொழிலாளிக்குக் கூலி இல்லை. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாடு அரசு அந்த மாதங்களுக்கு ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரத் தொடங்கியதே அந்தப் பட்டினியை ஒப்புக்கொண்டுதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியபோது பாத்திகள் இருந்த இடமே தெரியவில்லை. குவித்து வைத்திருந்த உப்பும் கரைந்து போனது.

ஆகவே மேகமூட்டம் பாரபட்சமற்ற ஒளி என்ற நம்பிக்கையை நான் உப்பளத்துக்குள் கொண்டுபோவதில்லை. ரூரில் மேகம் வந்தாலும் ஊதுலை எரிந்தது. இங்கே மேகம் வந்தால் உலை அணைந்துவிடும். அந்த ஒளியில் எடுத்த உப்பளப் படம் எவ்வளவு சாந்தமாக இருந்தாலும் அது வேலையில்லாத நாளின் படம். அதை வேலைநாளின் படமாகக் காட்டினால் பொய்.

சரி, பொன்னிற வேளையில் எடுக்கலாமே என்பார்கள். எல்லோரும் அப்போதுதான் எடுக்கிறார்கள். கதிரவன் அடிவானத்துக்கு மேல் ஒரு விரல் உயரத்தில் நிற்க, தண்ணீர் நின்ற பாத்தி தகதகக்க, தலையில் கூடையோடு வரப்பில் வரிசையாக நடக்கும் பெண்கள் கறுப்பு நிழலுருவாகத் தெரிவார்கள். போட்டிகளில் பரிசு வாங்கும் படம் அதுதான். வேலைநேரத்தைப் பொறுத்தமட்டில் அதில் பொய் இல்லை. வெயிலுக்குப் பயந்து விடியலுக்கு முன்பே பலர் அளத்துக்கு வந்துவிடுகிறார்கள், இருட்டில் டார்ச் கட்டிக்கொண்டு வாருபவர்களும் உண்டு. எனக்கு அந்தப் படத்தின் மேல் வருத்தம் வேறு காரணத்தால். அதில் முகம் இல்லை. யாராகவும் இருக்கக்கூடிய ஓர் உருவம், அழகான பின்னணிக்கு முன்னால், அளவுகோலாக நிற்கிறது. பெஹர் தம்பதி ஆளை விலக்கினார்கள், தாங்கள் எடுப்பது கட்டடம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். நிழலுருப் படம் ஆளைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டே மறைக்கிறது. ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ எழுதுவதற்காக இந்த அளங்களுக்கு நேரில் வந்து, பெண்களோடு பேசி, அவர்களுக்குப் பெயரும் கோபமும் கொடுத்தார். நாவல் வந்து நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. நம் கேமராக்களில் பல இன்னும் அவர்களைப் பின்னாலிருந்தே பார்க்கின்றன. விதிவிலக்குகள் உண்டு. எம். பழனிக்குமார் பாரி இணைய இதழுக்காக எடுத்த தூத்துக்குடி உப்பளப் படங்களில் உழைப்பவர்கள் பெயரோடும் பேச்சோடும் வருகிறார்கள்.

மிச்சமிருப்பது நடுப்பகல். புகைப்படப் பயிற்சி நூல்கள் எல்லாம் ஒதுங்கச் சொல்லும் நேரம். காலை பத்தரைக்குப் பிறகு கேமராவைப் பையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போ என்பதுதான் பொது அறிவுரை. உப்பளத்தில் நான் அந்த நேரத்தைத்தான் தேடிப் போகிறேன்.

அந்த ஒளியின் குணம் தனி. தூத்துக்குடி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பது பாகைக்குச் சற்று உள்ளே இருக்கிறது. அதனால் சித்திரை பிறக்கும் வாக்கில் ஒரு நாளும், ஆவணியின் நடுவில் ஒரு நாளும் உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். வரப்பில் நட்ட குச்சியின் நிழல் குச்சிக்குள்ளேயே போய்விடும். நிற்கும் மனிதரின் நிழல் காலடியில் சுருண்டுவிடும். பெஹர் தம்பதி மேகத்திடம் கேட்டு வாங்கிய நிழலின்மையை இங்கே வெயிலே தருகிறது. இரண்டு நாட்களும் உப்பு விளையும் பருவத்துக்குள் வருகின்றன. ஆலை முழு வேகத்தில் ஓடும்போது, அந்த ஆலையை ஓட்டும் ஒளியிலேயே, நிழல் இல்லாமல் அதை எடுக்கலாம்.

தொல்லைகள் இல்லாமல் இல்லை. லைட் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே நினைத்துக்கொள்ளும். பனியைப்போல உப்பையும் அது நம்பாது. அது சொல்வதைக் கேட்டால் உப்பு ஈரச் சிமென்ட்டாக விழும். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் கூடுதலாக ஒளி விட வேண்டும். கைப்பேசிக் கேமராவும் இதையேதான் செய்கிறது, திரையைத் தொட்டு வெளிச்சத்தை ஏற்றாவிட்டால் படம் அழுக்காகிவிடும். இன்னொன்று கானல். பதினொரு மணிக்கு மேல் டெலிலென்ஸ் போட்டால் முள்ளக்காட்டுப் பக்கத்திலிருந்து தெரியும் அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டுகள் நெளியத் தொடங்கும். 210 மெகாவாட் அலகுகள் ஐந்து கொண்ட அந்தப் பெரிய நிலையம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல ஆடும். கிட்டப் போய் எடுக்கலாம் என்றால் அனுமதி இல்லை. துறைமுகமும் மின்நிலையமும் கேமராவை விரும்புவதில்லை. தூரத்து உருவம் ஆடுவதை இப்போது நான் குறையாக நினைப்பதில்லை. அந்தக் காற்றின் வெப்பம் படத்தில் பதிவாக வேறு வழி கிடையாது.

நடுப்பகல் ஒளிக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு: முகத்தைக் கெடுக்கும், கண்குழியில் கறுப்பு இறங்கும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். செம்மண்ணிலும் தார்ச்சாலையிலும் அது உண்மை. உப்பின் மேல் அப்படி இல்லை. காலுக்குக் கீழே ஏக்கர் கணக்கில் வெள்ளைத் தரை. மேலிருந்து விழும் வெயிலில் பெரும்பகுதியை அது திருப்பி மேலே அனுப்புகிறது. ஸ்டுடியோவில் உதவியாளர் முகத்துக்குக் கீழே பிடிக்கும் வெள்ளைத் தட்டியின் வேலையை இங்கே நிலமே செய்கிறது. தலையில் துண்டும் அதன்மேல் தொப்பியும் போட்டு நிற்கும் பெண்ணின் கண் இமைமயிர்வரை தெளிவாகத் தெரியும். கன்னத்துச் சுருக்கம், உதட்டு வெடிப்பு, கண்ணோரச் சிவப்பு எல்லாம் தெரியும்.

ஆனால் தொப்பியும் புருவமும் மேலிருந்து வரும் ஒளியைத்தான் தடுக்கும். கீழிருந்து வருவதைத் தடுக்க மனித முகத்தில் ஏதும் இல்லை. பல ஆண்டுகள் அளத்தில் வேலை பார்த்தவர்களின் கண்ணில் சதை வளர்வதும், புரை விழுவதும், பார்வை மங்குவதும் அந்தத் தெறிப்பால்தான் கூடுகின்றன. முகத்தை எனக்குக் காட்டிக்கொடுக்கும் ஒளியும் அந்த முகத்தின் கண்ணைக் கெடுக்கும் ஒளியும் ஒன்றே. நான் அரைநாள் கறுப்புக் கண்ணாடி போட்டு நின்றுவிட்டுப் போகிறேன். கறுப்புக் கண்ணாடி போட்டு வாரும் பெண்கள் குறைவு. வேர்வை வழிந்தால் கண்ணாடி நிற்காது, உப்புத் தெறித்தால் கறைபடும் என்கிறார்கள். சிலருக்கு யாரும் வாங்கித் தரவே இல்லை.

வேப்பலோடைப் பக்கம் ஒரு அக்கா வாருவதை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார்.

“வெயில் ஏறுமுன்ன வந்துருக்கப்படாதா தம்பி? இப்ப எடுத்தா மொகமெல்லாம் சுளிச்சிக்கிட்டுல்லா இருக்கும்.”

“சுளிச்சிருந்தா இருக்கட்டும்க்கா. வேலை செய்யுறப்ப அப்படித்தான இருக்கு.”

“அப்ப எடு. கண்ணு கூசுதது படத்துல தெரியுமா?”

இந்தக் கேள்விக்குப் புகைப்படத் தொழிலில் நேரான பதில் இல்லை. கூச்சம் தெரிய வேண்டுமானால் படம் பார்ப்பவரின் கண்ணும் கூச வேண்டும். அச்சிட்ட தாளின் வெள்ளைக்கு மேல் வெள்ளை கிடையாது. செய்யக்கூடியது ஒன்றுதான். வெள்ளைப் பகுதியில் விவரம் தொலைந்தால் படம் பழுது என்று எங்களுக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அந்த விதியை உப்பளத்தில் பாதி மட்டும் காப்பாற்றுகிறேன். முன்னால் இருக்கும் உப்பின் மணி ஒவ்வொன்றும் தெரியட்டும், ஏனென்றால் அதுதான் அவர்கள் காலைக் கிழிக்கிறது. தூரத்துப் பாத்திகள் விவரமெல்லாம் இழந்து வெறும் வெள்ளையாகப் போகட்டும். நின்று பார்க்கும் கண்ணுக்கும் அங்கே எதுவும் தெரிவதில்லை. இந்த வெள்ளையைப் பழுது என்று திருப்பி அனுப்பிய பத்திரிகை ஆசிரியர் உண்டு. நான் மாற்றித் தரவில்லை. அளத்தில் ஒரு பகல் நின்ற எவருக்கும் அந்த வெள்ளை புரியும்.

மேலிருந்து பார்ப்பது இன்னொரு வழி. கனடாவின் புகைப்படக்காரர் எட்வர்ட் பர்டின்ஸ்கி குஜராத்தின் சிறிய ரண் உப்பளங்களை வானத்திலிருந்து எடுத்து 2016இல் நூலாக வெளியிட்டார். கோடுகளும் கட்டங்களும் வெளிறிய நிறங்களுமாக நவீன ஓவியம்போல விரியும் படங்கள் அவை. உப்பு அடர்ந்த நீரில் வாழும் நுண்பாசியும் நுண்ணுயிரியும் பாத்திக்கு ரோஜா நிறத்தையும் செந்நிறத்தையும் தருகின்றன. நிறத்தைப் பார்த்தே நீர் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஆகவே அந்த வண்ணங்கள் கணினியில் ஏற்றியவை என்று சந்தேகப்படத் தேவையில்லை. மனிதன் நிலத்தின் மேல் போட்டிருக்கும் கோடு எவ்வளவு பெரியது என்பதைத் தரையில் நின்று யாராலும் காட்ட முடியாது. அதற்காக அந்தப் படங்களை நான் மதிக்கிறேன். அவற்றைப் பார்த்துவிட்டு நம் ஊரிலும் ட்ரோன் ஏற்றுகிறார்கள். அவ்வளவு உயரத்தில் வெயில் ஒரு நிறமாகத்தான் தெரிகிறது. தோலில் விழும் பொருளாகத் தெரிவதில்லை. அந்த அக்கா ஒரு புள்ளியாகக்கூட விழமாட்டார்.

பெஹர் தம்பதியிடம் நான் திரும்பிப் போவது அவர்களுடைய தலைப்புகளுக்காக. பொருள், ஊர், நாடு, ஆண்டு. அவ்வளவுதான் எழுதுவார்கள். ஓர் அலங்காரச் சொல் கிடையாது. அந்தக் கறார்த்தனத்துக்குப் பலன் இருந்தது. இடிப்பதாக இருந்த டார்ட்மண்ட் நகரின் ட்ஸோலர்ன் சுரங்கத்தை 1969இல் காப்பாற்ற நடந்த முயற்சியில் அவர்கள் எடுத்த படங்களும் சாட்சியாக நின்றன. அதன் இயந்திரக் கூடம் இன்று அருங்காட்சியகத்தின் பகுதி. தங்கள் கட்டடங்களுக்குக் காலக்குறிப்பாக அவர்களுக்குத் தேவைப்பட்டது ஆண்டு மட்டும். உப்பளத்துக்கு அது போதாது.

தூத்துக்குடி அளங்களை ஒரு முழு ஆண்டு எடுத்துத் தொகுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தையில் பாத்தி மிதிப்பது, மாசியில் முதல் உப்பு, சித்திரையின் நிழலற்ற உச்சி, ஆடிக் காற்றில் வரப்போரம் நுரை ஒதுங்குவது, புரட்டாசியில் அம்பாரம் மூடுவது எல்லாம் அதில் வர வேண்டும். ஐப்பசியின் மேகமும் வர வேண்டும், காலிப் பாத்தியோடு, அளத்தில் அல்லாமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அதே பெண்களோடு. பெஹர் தம்பதியைப்போல ஒவ்வொரு படத்தையும் பக்கத்துப் படத்தோடு ஒப்பிடும்படி கட்டத்தில் மாட்ட வேண்டும். கீழே எழுதுவதில் மட்டும் சிலவற்றைக் கூட்டுவேன்: ஊர், மாதம், மணி, அன்று பாத்தி நீர் எத்தனை டிகிரி, படத்தில் இருப்பவர் சம்மதித்தால் அவர் பெயர், அன்றைய கூலி. மழை மாதங்களில் எடுத்த படங்களுக்குக் கூலி என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கும்.